பரணில் உறங்கும் ஜாடி

குன்னத்தில் நமது இல்லத்துப் பரணில் பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடி ஒன்று நெடுநாள் இருந்தது. அதன் வயிற்றில் நீலப் பூங்கொடி ஒன்று தீட்டப்பட்டிருந்தது. ஊறுகாய்க்குப் பிளாஸ்டிக் டப்பாக்கள் வந்தபின், அதனைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, ஓர் எவர்சில்வர் தூக்குவாளியைப் பெற்றுக்கொண்டோம். அந்த ஜாடி எந்த ஊரில் செய்யப்பட்டது, யார் வாங்கி வந்தார் என்று பாட்டியிடம் ஒருநாளும் கேட்டோமில்லை. இன்று கேட்பதற்குப் பாட்டியும் இல்லை. காட்டுவதற்கு ஜாடியும் இல்லை.

இத்தகைய பொருள்களின் அருமை அறிந்தோர் அவற்றைத் தேடிச் சேர்க்கின்றனர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பீங்கான், எனாமல் கலங்களைக் காணலாம். மேலைநாட்டில் அவ்வாறு விரும்பிச் சேர்க்கப்படுபவற்றுள் ஸ்காட்லாந்தின் ‘வீம்ஸ்’ மட்கலங்கள் புகழ்பெற்றவை.

1882-ஆம் ஆண்டளவில் கிர்க்கால்டி நகரில் ராபர்ட் ஹெரான் என்பவரின் தொழிற்சாலையில் இவை உருவாகத் தொடங்கின. பொஹீமியாவிலிருந்து வந்த கரெல் நெகோலா என்னும் ஓவியர் ரோஜா மலரையும் செர்ரிக் கனியையும் சேவலையும் தூரிகையால் அவற்றில் தீட்டினார். மிதமாகச் சுட்ட அந்த மண் வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடும்; தவறி இட்ட கோட்டை அழிக்க இயலாது. உடன்வந்தோர் தாயகம் திரும்பியும், நெகோலா அங்கேயே மணம்புரிந்து தங்கி, உள்ளூர் இளைஞர்க்குத் தம் கலையைக் கற்பித்து, 1915-இல் காலமானார். எளிதில் உடையும் கலங்களாதலின், எஞ்சியவற்றுக்கு இன்று மதிப்பு மிகுதி.

கைவண்ணத்தை அறிவது எவ்வாறு? ஒரே பூவுள்ள இரு தட்டுகளை அருகருகே வைத்துப் பாருங்கள். அச்சிட்ட பூக்கள் ஒன்றையொன்று முற்றிலும் ஒத்திருக்கும். கையால் தீட்டியவற்றிலோ இதழுக்கு இதழ் வேறுபாடு தோன்றும். அடிப்புறத்தில் முத்திரை உண்டா என்பதையும் நோக்குங்கள்.

அன்பு வாசகர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. உங்கள் பரணிலுள்ள பழங்கலத்தை இறக்கி, மெல்லிய துணியால் துடைத்து, கைதவறாத இடத்தில் வையுங்கள். விரிசல் கண்ட கலத்தில் உணவு வைத்தல் வேண்டா. அதனை யார், எங்கே, எப்போது வாங்கினர் என்று வீட்டு முதியோரைக் கேட்டு, ஒரு சீட்டில் எழுதி அதனுள்ளே இடுங்கள். வரலாறு தெரியாத ஜாடி வெறும் ஜாடியே. வரலாறு தெரிந்ததோ குடும்பச் சொத்து. சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.