அப்பாவோட ஆர்எக்ஸ் 100-க்கு அலாய் வீல்: 80,000 ரூபாயை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு



பழைய பைக்கை மாடிஃபை பண்றதைப் பத்தி வீடியோவுல பேசும்போது, கணக்கு மொத்தத்தையும் சொல்ல நேரம் பத்தலை. அதனால அதை இங்க முழுசா எழுதுறேன். இது எங்க வீட்டுக் கதைதான்.

திருவொற்றியூர்ல இருக்கற என் அக்கா பையன் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ராயபுரத்துக்கு, எங்க வீட்டுக்கு வந்தான். கையில நாலா மடிச்ச ஒரு பேப்பர். "மாமா, அப்பா வண்டியை ரெடி பண்ணப் போறேன். அம்மாகிட்ட நீதான் சொல்லணும்"னான்.

அப்பா வண்டின்னா யமஹா ஆர்எக்ஸ் 100. அக்கா வீட்டுக்காரர் எண்ணூர்ல லேலண்ட் ஃபேக்டரியில வேலை பார்த்தவர். 1992-ல இருபதாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கின வண்டி. தினமும் காலையில சைடு ஸ்டாண்டு எடுத்து ஒரே உதையில ஸ்டார்ட் பண்ணுவார். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அவர் போயிட்டார். வண்டி படிக்கட்டுக்குக் கீழ தார்ப்பாய் போட்டு நின்னுட்டு இருந்துச்சு. ஆறு மாசமா பையன்தான் அதை எடுத்து ஓட்டறான். ஒரு கன்டெய்னர் யார்டுல அவனுக்கு நைட் ஷிப்ட்.

அந்தப் பேப்பர்ல இருந்த கணக்கு இது:

- அலாய் வீல் ரெண்டு, ட்யூப்லெஸ் டயரோட: 22,000
- இன்ஜின் போர், பிஸ்டன், கிராங்க் வேலை: 15,000
- முன்னாடி டிஸ்க் பிரேக்: 12,000
- பெயின்ட், ஸ்டிக்கர்: 12,000
- சீட், ஹேண்டில்பார், எல்இடி ஹெட்லைட்: 9,000
- சேம்பர் சைலன்சர்: 6,000
- கூலி: 4,000

மொத்தம் 80,000. பணத்துக்கு அவன்கிட்ட ரெண்டு வழி இருந்துச்சு. ஒண்ணு, மொபைல் ஆப்ல பர்சனல் லோன். ரெண்டாவது, அம்மாவோட செயின்.

இந்த வண்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1985-ல எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோட சேர்ந்து இதை இந்தியாவுல இறக்குச்சு. ஆரம்பத்துல ஜப்பான்லேர்ந்து பார்ட் பார்ட்டா வந்ததை இங்க வச்சு பூட்டினாங்க. 98 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின், 11 குதிரைத்திறன், எடை 100 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். அவ்வளவுதான். ஆனா அந்த எடைக்கு அந்தப் பவர் இருந்ததால, அந்தக் காலத்து நூறு சிசி வண்டிங்க எதுவும் சிக்னல்ல இது கூட நிக்க முடியாது. புகை விதிமுறை கடுமையானதும் 1996-ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. அதனால இப்ப ரோட்டுல ஓடற எந்த ஆர்எக்ஸ் 100-க்கும் வயசு முப்பதைத் தொட்டிருக்கும்.

நம்ம ஏரியாவுக்கும் பைக்குக்கும் உறவு பழசு. 1955-ல ஆரம்பிச்ச என்ஃபீல்டு இந்தியாவோட புல்லட் ஃபேக்டரி திருவொற்றியூர்லதான். கொஞ்சம் வடக்க போனா சோழவரம். ரெண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளத்துல பைக் ரேஸ், கார் ரேஸ்னு பல வருஷம் நடந்துச்சு. லேத் பட்டறையும் மெக்கானிக்கும் தெருவுக்குத் தெரு இருக்கற ஊர்ல, ஒரு பையன் பைக்கைக் கழட்டிப் பூட்டணும்னு ஆசைப்படறதுல தப்பே இல்லை.

அதனால நான் "வேணாம்"னு சொல்லலை. "உக்காரு, ஒவ்வொரு வரியா பார்ப்போம்"னேன்.

இது முதலீடா?

அவன் சொன்ன முதல் வாதம்: "மாமா, ஆர்எக்ஸ் விலை ஏறிக்கிட்டே போவுது. இது ஒரு இன்வெஸ்ட்மென்ட் மாதிரி."

நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறாங்க. கணக்கு போட்டுப் பார்த்தோம். 1992-ல போட்ட 20,000 ரூபாய், 33 வருஷம் கழிச்சு 1,20,000-க்கு வித்துப் போச்சுன்னு வச்சுக்கோங்க. ஆறு மடங்கு! கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வருஷக் கூட்டு வளர்ச்சியா பார்த்தா சுமார் 5.6 சதவீதம்தான். அதே 20,000 ரூபாய் 8 சதவீதத்துல கிடந்திருந்தா இன்னிக்கு ரெண்டரை லட்சம். நடுவுல போட்ட பிஸ்டன், டயர், பெயின்ட் எல்லாம் இந்தக் கணக்குல சேர்க்கவே இல்லை.

அதனால இந்தச் செலவை ஆசைச் செலவுன்னே எழுதி வைங்க. சினிமா, டூர் மாதிரி. ஆசைக்குச் செலவு பண்ணலாம், தப்பில்லை. ஆனா ஆசைக்குக் கடன் வாங்கக் கூடாது. 80,000 ரூபாயை 16 சதவீத வட்டிக்கு ரெண்டு வருஷத்துக்கு வாங்கினா, இஎம்ஐ சுமார் 3,917 ரூபாய். மொத்தம் கட்டறது 94,000. அந்த 14,000 வண்டியில எந்தப் பார்ட்டாவும் ஏறாது.

பேப்பர்ல இல்லாத ஒரு வரி

அப்புறம் நான் கேட்டேன்: "டேய், ஆர்சி யார் பேர்ல இருக்கு?"

"அப்பா பேர்லதான்."

"இன்சூரன்ஸ்?"

பதில் இல்லை.

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. எண்ணூர் விரைவுச் சாலையில ராத்திரி ரெண்டு மணிக்கு, டிரெய்லருக்கு நடுவுல, இன்சூரன்ஸ் இல்லாத வண்டியில, இறந்துபோனவர் பேர்ல இருக்கற ஆர்சியோட ஆறு மாசமா ஓட்டிட்டு இருக்கான். யார் மேலயாவது இடிச்சிட்டா, கோர்ட் சொல்ற நஷ்டஈட்டை வண்டி வச்சிருக்கறவங்கதான் கைக்காசு போட்டுக் கட்டணும். வண்டியோட விலைக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இருக்காது. அக்காவோட செயின் மட்டும் இல்லை, அந்த வீடே போகற அளவுக்கு வரலாம்.

விதி என்னன்னு எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. வண்டி ஓனர் இறந்துட்டா, 30 நாளுக்குள்ள ஆர்டிஓ-வுக்குத் தெரியப்படுத்தணும். 3 மாசத்துக்குள்ள படிவம் 31 கொடுத்து வாரிசு பேருக்கு மாத்தணும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட சம்மதம் எல்லாம் கேப்பாங்க. காலம் தாண்டிப் போனாலும் தாமதக் கட்டணம் கட்டிப் பண்ணிக்கலாம், பண்ணாம விடறதுதான் ஆபத்து.

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் எவ்வளவு தெரியுமா? 75-லேர்ந்து 150 சிசி வரைக்கும் 2022 ஜூன்ல நிர்ணயிச்ச கட்டணம் வருஷத்துக்கு 714 ரூபாய், ஜிஎஸ்டி தனி. உயிருக்கும் காயத்துக்கும் கோர்ட் எவ்வளவு சொன்னாலும் கம்பெனி கட்டும், அதுக்கு உச்சவரம்பு கிடையாது. 80,000 ரூபாய் லிஸ்ட்ல இந்த 714 இல்லை!

இன்னொண்ணு. பழைய வண்டிக்கு 15 வருஷம் முடிஞ்சதும் 5 வருஷத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்கணும், கூடவே பசுமை வரி. டூவீலருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 1,000 ரூபாய் ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த விதிப்படி 20 வயசு தாண்டின வண்டிக்கு 2,000. இந்த வண்டிக்கு அடுத்த தடவை 2027. அதுக்கும் இப்பவே மாசம் நூறு ரூபாய் ஒதுக்கி வைக்கணும்.

லிஸ்ட்டை மூணா பிரிச்சோம்

*ஒண்ணு: உயிரைக் காப்பாத்தற செலவு.* இன்ஜின் வேலை, டயர், பிரேக். இதுல பேரமே இல்லை. ஆனா டிஸ்க்குக்கு முன் ஃபோர்க்கையே மாத்தணும். சில இடத்துல பழைய ஃபோர்க்லயே பட்டை வச்சு வெல்டு அடிச்சுக் கொடுப்பாங்க. பிரேக் பிடிக்கற வேகத்துல அந்த வெல்டு விட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. 100 கிலோ வண்டிக்கு நல்ல பிரேக் ஷூவும், புது கேபிளும், வட்டமா இருக்கற டிரம்மும் போதும். 12,000 வேலை 2,000-க்குள்ள முடிஞ்சுது.

*ரெண்டு: கழட்டி மாட்ட முடியற அழகு.* சீட், ஹேண்டில்பார், ஹெட்லைட், வீல். இங்க அவன் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. "நைட்டுல பஞ்சர் ஆனா எந்தக் கடை மாமா தொறந்திருக்கும்? லாரிலேர்ந்து விழுந்த ஆணி ரோடு பூரா கெடக்குது." ட்யூப்லெஸ் டயருக்கு அலாய் வீல் தேவைதான். காசிமேட்டுப் பக்கம் மீன் வண்டியிலேர்ந்து சொட்டற உப்புத் தண்ணியும் கடல் காத்தும் சேர்ந்து ஸ்போக்ஸை எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும்னு நம்மாளுங்களுக்குத் தெரியும்.

ஆனா கவனிக்க வேண்டியது ரெண்டு. வேற வண்டியோட வீலை மாட்டும்போது ஆக்ஸில் புஷ்ஷை லேத்துல சரியா கடையணும், இல்லன்னா வீல் ஆடும். அகலமான டயர் பார்க்க கெத்தா இருக்கும், ஆனா ஸ்விங் ஆர்ம்லயோ செயின்லயோ உரசும். எடையும் கூடும். 11 குதிரைத்திறன் இன்ஜினுக்கு வீல் எடை கூடினா, எந்த பிக்கப்புக்காக இந்த வண்டியை விரும்பறோமோ அதுதான் முதல்ல போகும்.

*மூணு: திருப்ப முடியாதது, இல்ல சட்டம் தொடறது.* மட்கார்டை வெட்டறது, சேஸிஸைக் கட் பண்றது, சேம்பர் சைலன்சர். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்சியில இருக்கற விவரம் கம்பெனி கொடுத்ததுலேர்ந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் திருத்தின சட்டத்துல, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ கிடைக்கலாம். கலர் கூட ஆர்சியில இருக்கற விவரம்தான். அதனால கலரை மாத்தறதா இருந்தா ஆர்டிஓ-வுல பதிவு பண்ணிட்டு மாத்துங்க. நாம அதே கறுப்பையே அடிச்சோம்.

சேம்பரைப் பத்தி ஒரு விஷயம். டூ ஸ்ட்ரோக்ல சைலன்சரோட வடிவம்தான் பவரைத் தீர்மானிக்குது. வெளிய போற புகை அலை திரும்பி வந்து, வீணாகப் போற பெட்ரோல் கலவையை சிலிண்டருக்குள்ள தள்ளணும். ரேஸுக்குச் செஞ்ச சேம்பர் உச்ச வேகத்துல மட்டும் இந்த வேலையைப் பண்ணும், கீழ இழுவையே இருக்காது. திருவொற்றியூர்ல கன்டெய்னர் லாரி பின்னாடி ரெண்டாவது கியர்ல ஊர்ற நமக்கு அந்த வேகம் எப்ப வரும்? சத்தம் மட்டும்தான் மிச்சம். "6,000 கொடுத்து பவரைக் குறைச்சுக்கணுமா?"ன்னு கேட்டேன். சிரிச்சிட்டு அந்த வரியை அவனே அடிச்சிட்டான்.

கழட்டினதை விக்காதீங்க

இதுதான் இந்தக் கட்டுரையில முக்கியமான வரி. புது வீல் மாட்டறவங்க பழசை வாங்கிக்கறேன்னு ஆயிரமோ ரெண்டாயிரமோ குறைச்சுக் கொடுப்பாங்க. அது சின்ன லாபம், பெரிய நஷ்டம். பழைய வண்டி வாங்கறவங்க முதல்ல தேடறது ஒரிஜினல் பார்ட்டும் சுத்தமான பேப்பரும்தான். நீங்க புதுசா போட்ட அலாய்க்கு அவங்க காசு தர மாட்டாங்க, அது உங்க ரசனை.

2021-ல வந்த வின்டேஜ் விதியையும் யோசிங்க. 50 வயசு ஆன வண்டிக்குத்தான் அந்தப் பதிவு கிடைக்கும். சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. 1985 மாடலுக்கு அந்த வயசு 2035-ல வரும். நம்ம வண்டிக்கு 2042. அன்னிக்கு அவனுக்கே ஒரு பையன் இருக்கலாம்.

கடைசியில என்ன ஆச்சு?

அக்காவோட செயின் கழுத்துலயே இருக்கு. லோன் ஆப்பை அன்னிக்கே டிலீட் பண்ணிட்டான். முதல் வாரம் இன்சூரன்ஸ் எடுக்கவும் பேர் மாத்தவும் ஓடினோம். அது முடியற வரைக்கும் வண்டி திரும்பவும் தார்ப்பாய்க்குள்ள, பையன் பஸ்ல. கையில இருந்த காசுல இன்ஜின், பிரேக், பெயின்ட் முடிஞ்சுது. டிஸ்க், சேம்பர் ரெண்டும் கேன்சல். வீலுக்கு மட்டும் யார்டுல நண்பர்களோட போட்ட சீட்டு அவனுக்கு விழற வரைக்கும் நாலு மாசம் காத்திருந்தான். மொத்தச் செலவு ஐம்பத்தெட்டாயிரத்துல நின்னுச்சு.

அப்பா ஓட்டின ரெண்டு ஸ்போக் வீலையும் துடைச்சு, ஆயில் தடவி, பழைய லுங்கியில சுத்திப் பரண் மேல வச்சிருக்கான். லுங்கியும் அவரோடதுதான். அக்கா எடுத்துக் கொடுத்தாங்க.

உங்க வீட்டுல இப்படி ஒரு வண்டி நின்னா, முதல்ல ஆர்சியை எடுத்து யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. அலாய் வீல் கடை நாளைக்கும் தொறந்திருக்கும்.

அடுத்த பதிவுல சந்திப்போம். பத்திரமா ஓட்டுங்க!