குடியை விட்டாலும் கூட்டாளி விடமாட்டான்!

நாகை, நாகூர் கடற்கரைக்கு மாலையில் காற்று வாங்க வருகிறவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. குடியை விட்டவர்கள்!

கேட்டால், "டாக்டர் நடக்கச் சொன்னார்" என்பார்கள். உண்மைக் காரணம் வேறு. சாயங்காலம் 6 மணி அடித்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. இத்தனை வருஷமாக அந்த நேரம் கடைக்கே சொந்தம்.

கூப்பிடு தூரம்

நாகூரைத் தாண்டினால் வாஞ்சூர். புதுச்சேரி மாநிலத்துக் காரைக்கால் எல்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்கு இருந்த காலத்திலும் அந்தப் பக்கம் கடை திறந்தே இருந்தது.

இந்தப் பக்கம் சட்டம் மாறி மாறி வந்தது. 1937-ல் சேலத்தில் ராஜாஜி மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் கருணாநிதி ஆட்சியில் ஒத்திவைக்கப்பட்டு, 1974-ல் திரும்ப வந்தது. 1981-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சாராயக்கடை, கள்ளுக்கடை திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-ல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்குப் போயின.

எந்தச் சட்டம் வந்தால் என்ன? பழைய தஞ்சை ஜில்லாக் குடிகாரர் பஸ் ஏறினால் காரைக்கால்! ஆக, விட்டவரை அவர் கால்தான் காப்பாற்ற வேண்டும்.

"சாமியாராயிட்டியா?"

தொண்டை கேட்பது கொஞ்ச நாள். கூட்டாளி கேட்பது பல வருஷம். குறுவை அறுத்துக் கையில் காசு புரளும்போது கேட்பான். கல்யாண வீட்டில் கேட்பான். சாவு வீட்டிலும் கேட்பான். "என்ன மாப்ளே, சாமியாராயிட்டியா? ஒரு கட்டிங்தானே!"

வேண்டாம் என்றால் கோபம் வரும். ஒருவன் விட்டதும் மற்றவனுக்குத் தன் குடி கண்ணில் படுகிறது. அந்தக் கோபம்தான்!

மறந்ததும் வந்ததும்

மட்டுமீறிக் குடித்த இரவில் நடந்ததை மூளை பதிவு செய்வதே இல்லை. பிறகு எத்தனை யோசித்தாலும் வராது. வருஷக்கணக்கில் குடித்தால் தயமின் என்ற பி-1 வைட்டமின் குறைந்து, ஞாபகசக்தியே போய்விடலாம். ரஷ்ய டாக்டர் கோர்சகோவ் 1880-களிலேயே எழுதி வைத்த நோய் இது.

புத்தி தெளியத் தெளிய வேறொரு கஷ்டம். யாரிடம் கடன், யாரைத் திட்டினோம்... வரிசையாக வரும். மகளுக்குக் காது குத்தியது எந்த வருஷம் என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும். சேர்ந்து குடித்தவர்களில் யார் யார் இப்போது இல்லை என்ற கணக்கும் வரும்.

புதுக் கூட்டாளி

அமெரிக்காவில் ஆக்ரன் நகரில் 1935-ல் பில் வில்சன், டாக்டர் பாப் என்ற இரண்டு குடிகாரர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் சங்கம் அப்படிப் பிறந்ததுதான். மருந்து கிடையாது, பேச்சுதான். குடித்தவன் குடித்தவனிடம் பேசும்போது பொய் செல்லாது. கடற்கரையில் இரண்டு பேர் பேசிக்கொண்டே நடப்பதும் அந்த வைத்தியம்தான்.

ஒரு எச்சரிக்கை! தினமும் நிறையக் குடித்தவர் டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. கை நடுக்கம், வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து. அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

பழைய கூட்டாளி எதிரே வந்தால் ஓட வேண்டாம். டீ வாங்கிக் கொடுத்துப் பேசலாம். நாளைக்கு அவரும் கூட நடக்க வரலாம்!