கண்ணில்லாப் புழுவின் உணர்முனை

முட்டைக்கோஸிலுள்ள நாடாப்புழு மூளையைத் தேடிச் சென்று குடியேறிவிடும் என்னும் வாட்ஸ்அப் எச்சரிக்கை அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம் போன்ற சென்னைப் புறநகர் வீடுகளுக்கும் அவ்வப்போது வந்துசேர்கிறது. இதில் பாதி மெய், பாதி மிகை. மனிதக் கழிவு கலந்த நீராலோ கழுவாத கையாலோ பன்றி நாடாப்புழுவின் முட்டை எந்தக் காய்கறியிலும் ஒட்டக்கூடும் என்பதால், புலால் உண்ணாதவருக்கும் இப்புழுவால் நோய் வருகிறது. ஆயினும் முட்டையிலிருந்து வெளிவரும் ஆறு கொக்கிகளுடைய குடம்பி (இளம்புழு) மூளையைத் தேடுவதில்லை. குடற்சுவரைத் துளைத்துக் குருதியில் கலந்து, குருதி கொண்டுசேர்க்கும் தசையிலோ கண்ணிலோ மூளையிலோ நீர்க்கட்டியாக வளர்கிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பன்றி இறைச்சியிலுள்ள நீர்க்கட்டியே மனிதக் குடலில் நாடாப்புழுவாகிறது என்பதை 1855இல் ஜெர்மானியரான கூச்சன்மைஸ்டர், மரண தண்டனைக் கைதிக்குக் கட்டிகளை உண்ணக் கொடுத்து நிறுவினார். அந்த முறையை இன்று எவரும் ஏற்கமாட்டார். வலிப்பு நோயாளிகளின் மூளை சி.டி. ஸ்கேனில் தெரிந்த சிறு ஒற்றைப் புள்ளிகள் இந்தியாவில் நெடுங்காலம் காசநோய்க் கட்டிகளாகக் கருதப்பட்டன. அவற்றில் பல நாடாப்புழுக் குடம்பிகளே என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சாண்டி, ராஜசேகர் குழுவினர் 1989இல் வெளியிட்டனர்.

மூளையைத் தேடாவிட்டாலும் இக்குடம்பியில் வியப்புக்குரியது, வெளியுலகை உணரும் நரம்பு நுனியான அதன் உணர்முனையே. நாடாப்புழுவுக்குக் கண்ணில்லை, வாயுமில்லை. உடலைப் போர்த்தியிருக்கும் மேலுறை, செல்களுக்கிடையே எல்லைச் சுவர் இல்லாத ஒரே உயிர்ப்பொருள் படலமாகும். அப்படலத்தைக் கிழிக்காமலும் ஒழுகவிடாமலும் நரம்பு வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். மாடித் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்துக் குழாய் பொருத்தும் பிளம்பர், வாஷர் வைத்து, நட்டை இறுக்கி, மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவதைப் போலவே இங்கும் வேலை நடந்திருக்கிறது. குமிழாகப் பருத்த நரம்பு நுனியை உட்புறமாகச் சுற்றியுள்ள அடர்த்தியான வளையங்கள் நட்டின் இடத்தில் நிற்கின்றன. நுனியையும் மேலுறையையும் பிணைக்கும் குறுக்குத் தடுப்புகளின் வரிசை டேப்பின் இடத்தில் நிற்கிறது. குமிழுக்குள் இறங்கும் வரியிட்ட வேரிழை, குழாய் ஆடாமல் பிடிக்கும் கிளாம்பை ஒக்கும். வெளியே நீளும் குழாய்முனைதான் குற்றிழை எனப்படும் நுண்மயிர். அதனுள் ஒன்பது இணை நுண்குழல்கள் வட்டமாக நிற்கின்றன. ஆனால் இக்குழாயில் நீர் ஓடுவதில்லை, செய்திதான் ஓடுகிறது. தொட்டியின் சுவராகிய மேலுறையோ தன்னைத்தானே ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது. இத்தனை நுட்பமும் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அகலத்துக்குள் அடங்குவதால், எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பின்னரே இது மனிதக் கண்ணுக்குப் புலப்பட்டது.

பன்றித் தசையில் தலையை உள்ளிழுத்துக் காத்திருக்கும் கட்டி, மனிதக் குடலை அடைந்ததும் பித்தநீரும் செரிமான நீர்களும் தூண்ட, தலையை வெளியே நீட்டிக் குடற்சுவரைப் பற்றுகிறது. அப்போது தொடுகையையும் வேதிப்பொருளையும் உணர்வது இந்த மயிர்களாக இருக்கலாம். ஆயினும் அமைப்பைப் பார்த்துப் பணியை ஊகிப்பது ஒன்று, பணியைச் சோதித்து மெய்ப்பிப்பது வேறு. இத்தகைய முனைகளை வைத்து, புழு திட்டமிட்டு மூளையைத் தாக்குகிறது என்பதற்குச் சான்றில்லை.

எனவே முட்டைக்கோஸை விலக்க வேண்டியதில்லை. காய்கறியை நன்கு கழுவி வேகவைப்பதும், பன்றி இறைச்சியை முழுமையாகச் சமைப்பதும், கழிப்பறை சென்றபின் சோப்பால் கை கழுவுவதும், குடலில் புழு உள்ளவர் மருத்துவரிடம் உரிய மருந்து பெறுவதும் போதுமான காப்பாகும். வலிப்பு கண்டவரை வாட்ஸ்அப் வைத்தியத்துக்கு விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.