கள்ளிக்காட்டுக்குள் கோல்ஃப்!

பாலைவனம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? மணல்மேடு, ஒட்டகம், அனல் காற்று... அப்படித்தானே? மலையும் பாறையும் கள்ளிச் செடிகளும் நிறைந்த பாலைவனமும் உண்டு. அதன் நடுவே பச்சைப் பசேலென்று ஒரு விளையாட்டு மைதானம் இருக்கிறது. வாருங்கள், பார்த்து வருவோம்!

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள நகரம் ஸ்காட்ஸ்டேல். அதைச் சூழ்ந்திருப்பது சோனோரன் பாலைவனம். நகரின் வட பகுதியில், ‘பினக்கிள் பீக்’ என்ற கூரான பாறை மலைக்கு அருகில் இருக்கிறது, ‘ட்ரூன் நார்த்’ கோல்ஃப் மைதானம். இங்கே 18 குழிகள் கொண்ட ஆடுகளங்கள் இரண்டு. முதலாவது, 1990ம் ஆண்டு திறக்கப்பட்டது.

கோல்ஃப் விளையாட்டின் விதி எளிது. பந்தை மட்டையால் அடித்து அடித்து, தூரத்தில் உள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெறுவார். குழியின் அகலம் 108 மில்லி மீட்டர்தான். பந்தோ எலுமிச்சம்பழ அளவு!

இங்கே என்ன சவால்?

சாதாரண மைதானத்தில் எங்கும் புல் இருக்கும். பந்து சற்று விலகினாலும் புல்லில்தான் விழும். இங்கே அப்படி இல்லை. புல்தரை, கடலில் உள்ள தீவு போலத் திட்டுத் திட்டாக இருக்கும். நடுவில் எல்லாம் கல்லும் முள்ளும்தான். பந்து கள்ளிப் புதரில் சிக்கி, அடிக்கவே முடியாவிட்டால், ஓர் அடியை அபராதமாகச் சேர்த்துக்கொண்டு, விதிப்படி வேறு இடத்தில் வைத்து ஆட வேண்டும். புதருக்குள் சட்டென்று கைவிடவும் கூடாது. கிலுகிலுப்பை போல் வாலை ஆட்டி எச்சரிக்கும் விஷப் பாம்புகள் வாழும் இடம் அது! முதல் ஆடுகளத்தின் மூன்றாம் குழிக்குப் போகும் வழியில், புல்தரை நடுவிலேயே மிகப் பெரிய பாறை ஒன்று நிற்கிறது. 

கை நீட்டும் கள்ளி

இரு கைகளையும் உயர்த்தி நிற்கும் மனிதர் போன்ற கள்ளியைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் சவாரோ. முதல் 8 ஆண்டுகளில் அது வளர்வது ஏறக்குறைய ஒன்றரை அங்குலம்தான்! பக்கக் கிளை விடவே 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். மரங்கொத்தி அதில் துளையிட்டுக் கூடு கட்டும். அது போன பின், சிறு ஆந்தைகள் குடிவரும். இந்தக் கள்ளியை அனுமதியின்றி வெட்டுவது அரிசோனாவில் குற்றம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதுதான் முக்கியமான கேள்வி. அருகில் உள்ள பீனிக்ஸ் நகரில் ஆண்டுக்குச் சுமார் 18 சென்டி மீட்டர் மழைதான் பெய்கிறது. ஸ்காட்ஸ்டேல் குடிநீரின் பெரும் பகுதி, கொலராடோ ஆற்றிலிருந்து 500 கிலோ மீட்டருக்கும் அதிக நீளமுள்ள கால்வாய் வழியாக வருகிறது. அந்த ஆற்றிலும் நீர் குறைந்து, 2021ம் ஆண்டு வரலாற்றில் முதல் முறையாகப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது.

ஸ்காட்ஸ்டேலின் வட பகுதியில் உள்ள பல கோல்ஃப் மைதானங்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீர் தரப்படுகிறது. நாம் குளித்த, துணி துவைத்த தண்ணீர் போன்றதுதான்! குளிர்காலத்தில் புல்லுக்கு அதிக நீர் தேவைப்படாது. மிஞ்சுவதை மேலும் சுத்தம் செய்து, நிலத்தடி நீராகச் சேமிக்கின்றனர்.

இன்னொரு செய்தி தெரியுமா? கோடையில் அங்கே வளர்க்கும் ‘பெர்முடா’ புல், பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லின் இனம்தான்! வெயிலைத் தாங்குவதில் அது கெட்டிக்காரப் புல். குளிர்காலத்தில் அது காய்ந்து உறங்கிவிடும். அப்போது அதன் மேலே ‘ரை’ என்னும் வேறு புல்லை விதைப்பர்.

‘பாலைவனத்தில் புல் வளர்க்கத்தான் வேண்டுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. ‘மைதானத்தால் பலருக்கு வேலை கிடைக்கிறது, கழிவுநீரும் பயன்படுகிறது’ என்பவர்களும் உண்டு. நீங்கள் எந்தப் பக்கம்? வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடிப் பாருங்கள். முடிந்ததும், உங்கள் பள்ளியில் கை கழுவும் தண்ணீர் எங்கே போகிறது என்று போய்ப் பாருங்கள். அங்கே ஒரு வாழைக்கன்று நட இடம் இருக்கிறதா?