உங்களுக்குத் தெரியுமா? வேட்டை ஒன்று, வழி பல

பெரிய விலங்கை மடக்குவதில் வேட்டைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைவாகு உண்டு. ஒருவர் நடப்பார், ஒருவர் மரத்தில் ஏறி உட்காருவார், ஒருவர் ஓடியே சாகடிப்பார். ஊரையே கூட்டிக்கொண்டு போன ராஜாக்களும் இருந்தார்கள். கையில் இருந்த துப்பாக்கியைவிட, போன வழிதான் ஆள் எப்படிப்பட்டவர் என்று காட்டிக்கொடுக்கிறது.

◆ மனிதனுக்கு மோப்பம் பிடிக்கத் தெரியாது என்பது புலிக்குத் தெரியாது! ஆட்கொல்லியாக மாறிய பிறகும், மானைப் பிடிக்க வருவதுபோலவே, தன் வாடை நம் மூக்குக்கு எட்டாத திசையாகப் பார்த்துத்தான் பதுங்கி வரும். குமாவுன் மலைக்காடுகளில் தனியாக நடந்தே வேட்டையாடிய ஜிம் கார்பெட் இதை வைத்துத்தான் உயிர் பிழைத்தார். காற்று முகத்தில் அடித்தால் ஆபத்து முதுகுப்பக்கம். முதுகில் கண் இல்லையே! ஆகவே அவர் நேராகப் போகமாட்டார். காற்றுக்குக் குறுக்காகச் சிறிது தூரம் இடப்பக்கம், பிறகு வலப்பக்கம் என்று மாறி மாறி நடப்பார். அப்படி நடந்தால் புலி இருக்கக்கூடிய இடம் எப்போதும் பக்கவாட்டில்தான் விழும், கடைக்கண்ணுக்குள் அடங்கிவிடும்.

◆ அதே கார்பெட் கிளம்புவதற்கு முன் அரசாங்கத்திடம் இரண்டு நிபந்தனை போடுவார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுப் பணத்தை ரத்து செய்யவேண்டும். மற்ற வேட்டைக்காரர்களைக் காட்டைவிட்டு வெளியேற்றவேண்டும். பணத்துக்காக வந்தவர் என்ற பெயரும் வேண்டாம், தவறிவந்த தோட்டாவும் வேண்டாம் என்பது அவர் கணக்கு. ஆனால் 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்படும் சம்பாவத் பெண்புலியை 1907-இல் அவர் தனியாகச் சாய்க்கவில்லை. மலைச்சரிவில் 298 கிராமத்தார் நின்று கூச்சல் போட்டும் பறையடித்தும் புலியை விரட்டிக் கொடுத்தார்கள். அவருடைய முதல் ஆட்கொல்லி அது. தனிநடைப் பழக்கம் அதற்குப் பிறகு முற்றியது.

◆ 1938 நவம்பர். கார்பெட்டுக்கு 63 வயது. தாக் என்ற ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலி இணை தேடிக் கத்திக்கொண்டிருந்தது. பரணும் இல்லை, இரையும் இல்லை. ஆண்புலி போலக் குரல் கொடுத்தார். அது பதில் கொடுத்துக்கொண்டே அவரை நோக்கி வந்தது. அந்தி வெளிச்சம் மங்குவதற்குள் சுட்டார். அவர் வேட்டையாடிய கடைசி ஆட்கொல்லி அதுதான்.

◆ நம் பக்கத்திலும் இதே குரல் வித்தையைச் செய்தவர் ஒருவர் இருந்தார். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகள் அவருக்கு வீட்டுக் கொல்லைப்புறம் மாதிரி. ஜவளகிரியின் ஆட்கொல்லிப் பெண்புலியை ஆண்புலி போல உறுமி வரவழைத்துச் சுட்டார். தடம் பார்ப்பதில் அவருக்கு வழிகாட்டியாக இருந்தவர் பைரா என்ற காட்டுவாசிப் பூசாரி. ஆண்டர்சன் அதை மறைக்காமல் எழுதினார். மற்ற வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் புத்தகங்களில் உள்ளூர்க்காரர் பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துபோவார்.

◆ ஆண்டர்சனின் பிரியமான துப்பாக்கி வின்செஸ்டர் 405. அமெரிக்க முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்கு எடுத்துப்போனதும் அதே ரகம்தான். ரூஸ்வெல்ட்டுக்குக் கிட்டப்பார்வை, மாற்றுக் கண்ணாடிகள் பல கூடவே போயின. அவரும் மகன் கெர்மிட்டும் சேர்ந்து அந்தப் பயணத்தில் சுட்டவை 512. இதற்கும் வேட்டைக்கு வேண்டிய பொறுமைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

◆ ரூஸ்வெல்ட்டின் இன்னொரு முகம்: 1902-இல் மிசிசிப்பியில் கரடி வேட்டை. வழிகாட்டி ஹோல்ட் காலியர், அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர். நாய்களை விட்டுக் கரடியை மடக்கி, மரத்தில் கட்டிவைத்து, ஜனாதிபதியைச் சுட அழைத்தார்கள். கட்டிப்போட்டதைச் சுடமாட்டேன் என்றார் ரூஸ்வெல்ட். பத்திரிகையில் கேலிச்சித்திரம் வந்தது. மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்து ‘டெடி’ கரடியைத் தைத்து விற்றார். குழந்தைகளுக்குச் சொல்லாத மிச்சக் கதை: காயம்பட்ட அந்தக் கரடியைக் கத்தியால் கொன்றுவிடச் சொன்னவரும் ரூஸ்வெல்ட்தான்.

◆ யானை வேட்டைக்கு 58 கிராம் எடையுள்ள தோட்டாவைச் சுடும் பெரிய துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் அலைந்த காலத்தில், ‘கரமோஜோ’ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சுமார் 11 கிராம் தோட்டாவை வைத்தே நூற்றுக்கணக்கான யானைகளைச் சாய்த்தார். அவர் வாழ்நாளில் கொன்றவை ஆயிரத்துக்கு மேல். ரகசியம்? செத்த யானையின் மண்டையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, மூளை எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டார். பின்பக்கம் சாய்வாக நின்றுகூட மூளையைத் தொடும் கோணம் அவருக்கு அத்துபடி. அவரைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொண்டவர்கள் யானையைக் காயப்படுத்தியதுதான் மிச்சம். இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் பெரிய விலங்குகளுக்கு 375 ரகத்துக்குக் குறைந்த துப்பாக்கி கூடாது என்று சட்டமே இருக்கிறது. இன்னொரு வேடிக்கை: பெல் பயன்படுத்திய ரிக்பி 275 ரகத் துப்பாக்கிதான் சம்பாவத் புலியைக் கொன்றதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாகவும் வந்தது.

◆ துப்பாக்கி, வில் எதுவும் வேண்டாம், கால் போதும் என்பவர்கள் கலஹாரியின் சான் மக்கள். உச்சி வெயிலில் கூடு என்ற பெரிய மானைத் துரத்தத் தொடங்குவார்கள். மான் வேகமாக ஓடும், நிழலில் நிற்கும். நிற்கவிடாமல் தடம் பார்த்துப் பின்னாலேயே போவார்கள். மனித உடம்பு வியர்த்துக்கொண்டே ஓடும். மான் நின்று மூச்சிரைத்தால்தான் சூடு தணியும். சில மணி நேரத்தில் மான் உடல் கொதித்து நின்ற இடத்தில் நிற்கும். பக்கத்தில் போய் ஈட்டியால் குத்துவதுதான் பாக்கி. வேட்டையில் மனிதன் விலங்கைவிட உண்மையிலேயே உசத்தியாக இருக்கும் ஒரே இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

◆ அதே சான் மக்கள் வில்லும் எடுப்பார்கள். அம்பில் தடவும் விஷம் ஒரு வண்டின் புழுவிலிருந்து வருகிறது. அதை முனையில் தடவமாட்டார்கள், முனைக்குப் பின்னால்தான். தவறித் தன் கையில் கீறிவிட்டால் மாற்று மருந்து கிடையாது. அம்பு பட்ட பெரிய விலங்கு விழ ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். எய்வது நொடி வேலை, பின்தொடர்வதுதான் வேட்டை.

◆ கனடாவின் மிக்மாக் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையைக் கூம்பாகச் சுருட்டி, பெண் மூஸ் மான் போலக் குரல் எழுப்புவார்கள். அதே கூம்பில் தண்ணீரை மொண்டு ஏரியில் ஊற்றுவதும் உண்டு. பெண் மான் தண்ணீரில் நின்று சிறுநீர் கழிக்கும் சத்தமாம்! கொம்பு முளைத்த மாப்பிள்ளை ஓடிவருவார்.

◆ 1911-இல் கலிபோர்னியாவில் தனியாக அகப்பட்ட இஷி, யாஹி இனத்தின் கடைசி மனிதர். அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர். அமெரிக்காவில் இன்று வில்லோடு மான் வேட்டைக்குப் போகிற கூட்டத்துக்கு மூலவர் என்று போப்பைச் சொல்வார்கள். மூலவருக்கு மூலவரான இஷி 1916-இல் காசநோயில் இறந்தார்.

◆ கனடாவின் ஆல்பர்ட்டாவில் ‘ஹெட் ஸ்மாஷ்ட் இன்’ என்று ஒரு செங்குத்துப் பாறை இருக்கிறது. குதிரை வருவதற்கு முந்திய காலம். இளைஞர்கள் ஓநாய்த்தோலும் கன்றுத்தோலும் போர்த்திக்கொண்டு காட்டெருமைக் கூட்டத்தைக் கற்குவியல் வரிசைகளுக்கு நடுவே நகர்த்திக்கொண்டு போய், கடைசியில் மிரட்டி விளிம்பிலிருந்து விழவைப்பார்கள். ஏறத்தாழ 6,000 ஆண்டுகளாக நடந்த வேலை. 1981-இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக அறிவித்தது.

◆ ராஜாக்களின் வழி வேறு. மொகலாயர் ஆட்களை வைத்து மைல்கணக்கில் வளைத்து, வளையத்தைச் சுருக்கி, நடுவில் அகப்பட்டதைக் கொல்வார்கள். ஜஹாங்கீர் கணக்கப்பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் எழுதிவைத்தார்: 12 வயதிலிருந்து 50-ஐ நெருங்கும்வரை தன் கையால் கொன்றவை மட்டும் 17,167. ஆனால் அந்த வீட்டில் நல்ல குறி யாருக்கு? நூர்ஜஹானுக்கு. 1617-இல் யானை அம்பாரியிலிருந்து ஆறே குண்டில் நான்கு புலி! அசைகிற யானைமேல் இருந்து சுடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்த கணவரே வியந்து எழுதியிருக்கிறார்.

◆ 1911 டிசம்பரில் நேபாளத் தராயில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்காக நூற்றுக்கணக்கான யானைகள் வளையமாக நின்றன. பத்து நாளில் 39 புலிகள். மன்னர் பங்கு மட்டும் 21. விரலை அசைத்ததைத் தவிர அவர் என்ன செய்தார்? என்னைக் கேட்டால் அதை வேட்டைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

◆ சிவிங்கிப்புலியைக் கண்ணைக் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றிப்போய், மான் கூட்டத்தருகே கண்கட்டை அவிழ்த்துவிடுவது இந்திய அரண்மனைகளின் செல்ல விளையாட்டு. வயலில் தினமும் வண்டியைப் பார்த்துப் பழகிய வெளிமான்கள் மிரளாது. அந்தச் சிவிங்கிகள் இந்தியாவில் அற்றுப்போனதாக 1952-இல் அறிவித்தார்கள். 2022-இல் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து குனோ காட்டில் விட்டார்கள்.

◆ ஜெர்மனியில் மான் விழுந்ததும் வேட்டைக்காரர் ஒரு சிறு கிளையை ஒடித்து அதன் வாயில் வைப்பார். ‘கடைசிக் கவளம்’ என்று பெயர். நம் ஊர் வாய்க்கரிசி நினைவுக்கு வருகிறதா?

◆ இதையெல்லாம் படித்துவிட்டுக் கை துறுதுறுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் விளையாட்டு வேட்டைக்கு இடமே இல்லை. புலி, யானை, காட்டெருது போன்ற முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் குறைந்தது 25,000 ரூபாய்.