நிரல் எழுதும் கலை

கணிப்பொறி தனக்கு இட்ட கட்டளைகளை அன்றி வேறொன்றும் அறியாது. அக்கட்டளைகளின் தொகுதியே நிரல் எனப்படும். விடை சரியாக வந்துவிட்டால், நிரல் எவ்வாறு எழுதப்பட்டிருந்தால் என்ன என்று பலர் எண்ணக்கூடும். அவ்வாறன்று, நிரல் எழுதுதல் ஒரு கலையே என்று அமெரிக்க அறிஞர் டொனால்ட் கனூத், 1974-ல் டூரிங் பரிசு பெற்றபோது ஆற்றிய சொற்பொழிவில் வாதிட்டார். சில ஆண்டுகளிலேயே அக்கூற்றைத் தம் உழைப்பால் மெய்ப்பிக்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது.

ஸ்டான்போர்டு பல்கலைக் கழகப் பேராசிரியரான அவர் எழுதிவந்த நூல் வரிசையின் முதற் பகுதி 1968-ல் வெளியாயிற்று. தொடக்கத்தில் அந்நூல்கள் ஈய எழுத்துக்களால் அச்சுக் கோக்கப்பட்டன. இரண்டாம் பகுதியின் மறுபதிப்புக்கோ, ஒளிப்படம் மூலம் எழுத்துக்களைப் பதிக்கும் புதிய முறை கையாளப்பட்டது. 1977-ல் அதன் அச்சுப்படிகளைப் பார்த்த கனூத், பக்கங்களின் அழகு குலைந்திருப்பதைக் கண்டு வருந்தினார். நூலை ஒதுக்கிவைத்துவிட்டு, பக்கங்களை அமைக்கும் நிரல் ஒன்றைத் தாமே எழுத முற்பட்டார். விரைவில் முடியும் என எண்ணிய பணி ஏறத்தாழ 10 ஆண்டுகளை விழுங்கிற்று. 'டெக்' என்பது அந்நிரலின் பெயர்.

அதன் நுட்பத்துக்கு ஓர் உதாரணம் கூறலாம். ஒரு பத்தியை வரிகளாகப் பிரிக்கும்போது, வரி வரியாக நிரப்பிச் செல்வது எளிய முறை. ஆனால் முதல் வரியில் ஒரு சொல்லை நெருக்கிச் சேர்த்ததன் விளைவு, ஐந்தாம் வரியில் அகன்ற வெற்றிடமாகத் தோன்றலாம். டெக் பத்தி முழுவதையும் ஒருங்கே நோக்குகிறது. சொற்களின் இடைவெளி மிகுதியாக விரிந்தாலும் சுருங்கினாலும் அதற்கேற்பக் குறைமதிப்பெண் இடுகிறது. மொத்தக் குறை மிகச் சிறிதாக அமையும் பிரிப்பையே தேர்ந்தெடுக்கிறது. கைதேர்ந்த அச்சுக் கோப்பவரின் கண் இங்கே கணக்காக உருமாறியுள்ளது எனலாம்.

நிரலை இயந்திரத்துக்கு இடும் கட்டளையாக மட்டும் கருதாமல், பிறர் படித்தறியும் கட்டுரையாகவும் எழுத வேண்டும் என்ற கருத்தை 1984-ல் கனூத் வெளியிட்டார். அவ்வாறு விளக்கங்களோடு பின்னப்பட்ட டெக் நிரல் முழுவதும் 1986-ல் நூலாகவே வந்தது. தெளிவாக எழுதப்பட்ட நிரலில் பிழை ஒளிந்துகொள்ள இடமில்லை. பிழை கண்டுரைப்போருக்கு அவர் பரிசும் அளித்தார். தாம் செய்த 850-க்கு மேற்பட்ட திருத்தங்களை 1989-ல் பட்டியலிட்டு வெளியிட்டார்.

இன்று உலகெங்கும் கணித, பௌதிக ஆய்வுரைகள் டெக்கையும் அதன் வழிவந்த நிரல்களையும் கொண்டே பெரிதும் அச்சேறுகின்றன. டெக் திருத்தப்படும்போதெல்லாம் அதன் பதிப்பெண்ணில் 'பை' என்னும் எண்ணின் அடுத்த இலக்கம் சேர்க்கப்படுகிறது. 2021-ல் அது 3.141592653 ஆயிற்று. அவ்வெண்ணுக்கு முடிவில்லை, நல்ல கைவினைஞரின் திருத்தத்துக்கும் அவ்வாறே.