தராசு கெடவில்லை, சாவிதான் தொலைந்தது!

நாகல் நகர் மளிகைக் கடை ஒன்றில் அண்மையில் நாம் கண்டது இது. முதல் நாள் இரவு கடைக் கம்ப்யூட்டரை அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போட்டிருந்தார்கள். காலையில் தராசில் பருப்பை வைத்தால், எடை தராசில் தெரிகிறது. பில் திரைக்கு வரவில்லை. பையன் எடையைக் கூவ, முதலாளி ஒவ்வொன்றாகத் தட்ட, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேலை பார்த்தவரோ, "தராசு போச்சு அண்ணாச்சி, புதுசு வாங்கிடுங்க" என்றார்.

வணிகர்கள் அவசரப்பட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், இந்தத் தொல்லை நம்மில் பலருக்கும் வரக்கூடியதே.

பூட்டு ஊர்க்காரர்களான நமக்கு இது எளிதில் புரியும். தராசு, பிரிண்டர் போன்ற சாதனம் பூட்டு என்றால், 'டிரைவர்' என்னும் மென்பொருள் அதன் சாவி. கீபோர்டு, மவுஸுக்கான சாவி விண்டோஸுடனேயே வந்துவிடும். பில் பிரிண்டருக்கும், தராசை யு.எஸ்.பி. முனையில் இணைக்கும் கன்வர்ட்டர் கேபிளுக்கும் தனிச் சாவி தேவைப்படலாம். கம்ப்யூட்டரை அழிக்கும்போது அதுவும் அழிந்துவிடுகிறது.

செய்ய வேண்டியவை:

1. ஸ்டார்ட் பொத்தானின் மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'டிவைஸ் மேனேஜர்' திறக்கவும். மஞ்சள் ஆச்சரியக்குறி இருந்தால், பெரும்பாலும் சாவிதான் இல்லை. கேபிளைச் செருகியும் பட்டியலில் எதுவும் கூடாவிட்டால் கேபிளையும் முனையையும் சோதிக்கவும்.

2. கேபிளுக்குரிய டிரைவரைப் போடவும். சில பழைய சில்லுகளும் போலிச் சில்லுகளும் விண்டோஸ் 11-ல் இயங்குவதில்லை. அப்போது கேபிளை மாற்றினால் போதும்; தராசை மாற்ற வேண்டியதில்லை.

3. அதன் பிறகும் எடை வராவிட்டால் 'காம்' எண்ணைப் பாருங்கள். முன்பு காம் 3 ஆக இருந்தது இப்போது காம் 5 ஆகியிருக்கலாம். பில் மென்பொருளிலும் அதே எண்ணைக் கொடுக்க வேண்டும்.

நாம் பார்த்த கடையில் குறை இந்த மூன்றாவதுதான். எண்ணை மாற்றியதும் எடை திரைக்கு வந்துவிட்டது. ஒரு தராசின் விலை மிச்சம்!

இனி யார் கம்ப்யூட்டரை அழிப்பதானாலும், முன்னதாக 'காம்' எண்ணைக் குறித்து வையுங்கள். டிரைவர்களைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். முக்கியமாக நெட்வொர்க் டிரைவரை. அது இல்லாவிட்டால் மற்றவற்றை இணையத்திலிருந்து எடுக்கவும் வழியிருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்குகளை நகலெடுங்கள். ஆண்டறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைக் காக்கச் சொல்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். தொலைந்த டிரைவரை மீண்டும் தேடிக்கொள்ளலாம். அழிந்த கணக்கை எங்கே தேடுவது?